தாய் வீட்டுப் பயறு

அத்தியாயம் 17

போன வாரம் கதையை ஒரு பாட்டிலில் கொண்டுபோய் நிறுத்தியதற்காக எனக்கு விழுந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. ‘அந்தப் படித்தவள் பாட்டிலில் எதைக் கொண்டு போனாள் என்று சொல்லாமல் எங்களை ஏன் வதைக்கிறீர்கள்?’ என்று உத்தமபாளையத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர், இளைய மருமகளை உடனே வீட்டை விட்டுத் துரத்தச் சொல்லி எனக்கே உத்தரவு போட்டிருக்கிறார். துரத்தலாம், அவசரமில்லை. முதலில் இந்தச் செவ்வாய்க்கிழமையைக் கடப்போம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சின்னமனூருக்கு மேற்கே சந்தனம்மாள் வீடு. இரண்டு மருமகள்கள். மூத்தவள் முத்துலட்சுமி, போடிக்காரி. ஏலக்காய் மணத்தில் வளர்ந்தவளுக்கு வயல் வேலை புதிது. மாரிசெல்வத்தைக் கட்டி ஏழு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. இளையவள் வேல்விழி, விவசாயம் படித்தவள். பழனிசெட்டிபட்டியில் ஒரு விதைக் கம்பெனியின் லேபில் வேலை. புருஷன் சூரியபிரகாஷ் திருப்பூரில் இருக்கிறான். இவள் மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள்.

காளியம்மன் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு முளைப்பாரி. சட்டியில் எருவையும் வைக்கோலையும் பரப்பி, பயறு விதைத்து, ஊருக்குப் பொதுவான முளை வீட்டில் வெயில் படாமல் வளர்ப்பார்கள். பொங்கலன்று சாயங்காலம் பெண்கள் தலையில் தூக்கி ஊரைச் சுற்றி வருவார்கள். எந்தச் சட்டி எப்படி வளர்ந்திருக்கிறது என்பதை வைத்து அந்த வீட்டின் யோகத்தை ஊர் எடை போடும். போன வருஷம் முத்துலட்சுமியின் சட்டி அங்கங்கே சொட்டையாக வந்தது. அன்றைக்கே சந்தனம்மாள் சொல்லிவிட்டாள்:

“அடுத்த வருசமும் ஆத்தா குடுக்கலைன்னா, ஊரைக் கூட்டி அத்துவிட்டுருவேன். மாரிக்குக் கட்ட எந் தம்பி மக லோயர் கேம்புல இருக்கா.”

ஆக, முத்துலட்சுமியின் வாழ்க்கை ஒரு மண்சட்டிக்குள் இருந்தது. இந்த வருஷம் வேல்விழி தானாக வந்து, “அக்கா, விதையை நான் பக்குவம் பண்ணித் தாரேன்” என்று பயறை வாங்கிக்கொண்டு போனாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெடிக்கலில் வாங்கிய பாட்டிலைத் திறந்தாள். அதைச் சந்தனம்மாள் கதவிடுக்கில் பார்த்தாள். போன வாரம் நாம் நின்றது அங்கேதான்.

இனி செவ்வாய்க்கிழமை, பொங்கல் நாள்.

மைக் செட்டு விடியும் முன்பே அலற ஆரம்பித்துவிட்டது. தெருவில் சீரியல் பல்பு கட்டுகிறவர்கள் ஏணியை இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். வேல்விழி கழனித்தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் போனவள், வாழை மரத்தடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடிப் பாயும் ஈரத்தில் தட்டப்பயறு முளைத்துக் கிடந்தது. யாரோ கை நிறைய அள்ளி வீசிய இடம் முழுக்க, ஒன்றுகூடத் தவறாமல், ஒரே உயரத்தில், தடித்த தண்டும் விரிந்த இலையுமாக. சும்மா விழுந்த பயறு இப்படி முளைக்காது. ஒன்று இன்று முளைக்கும், ஒன்று நாலு நாள் கழித்து முளைக்கும், மிச்சம் அழுகும். தினமும் லேபில் ஈரத்தாளில் விதையைப் பரப்பி முளைப்பு பார்க்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா?

‘என் விதை’ என்று அவள் மனசு முதலில் சந்தோஷப்பட்டது. அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. இங்கே கிடப்பது தன் விதை என்றால், முளை வீட்டில் சட்டிக்குள் இருப்பது என்ன?

அத்தை வீசியிருப்பாளா? பாட்டிலைப் பார்த்தவள் அவள்தானே. இல்லை அக்காவேயா? வேல்விழி வாளியை அங்கேயே வைத்துவிட்டு அடுப்படிக்கு நடந்தாள்.

முத்துலட்சுமி மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாக ஒரு பொழுது விரதம். மஞ்சள் புடவைக்குள் ஆள் பாதியாகியிருந்தாள்.

“அக்கா, நான் குடுத்த பயறை என்ன செஞ்சீக?”

மாவு பிசைந்த கை நின்றது.

“என்ன செய்வாக? சட்டியில போட்டேன்.”

“அப்ப வாழை மூட்டுல முளைச்சுக் கிடக்குறது என்னக்கா?”

முத்துலட்சுமிக்கு ஒரு பொய்க்கு மேல் வராது. அதனால்தான் அந்த வீட்டில் அவள் அதிகம் பேசுவதே இல்லை. தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“முளைச்சிருச்சா?”

“ஒண்ணு விடாம முளைச்சிருக்கு.”

“எல்லாமா?”

“எல்லாமும்தான். ஏன்க்கா இப்படிச் செஞ்சீக?”

முத்துலட்சுமி கையை உதறிவிட்டு எழுந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமாக வெளியே வந்தது.

“நான் என்ன செய்யட்டும்? அத்தை வந்து சொன்னாக. ‘கதவைச் சாத்திக்கிட்டு என்னமோ ஊத்துறா, நுரை பொங்குது, மருந்து வச்சு உன்னைத் துரத்தப் பார்க்குறா’ன்னு சொன்னாக. நானும் யோசிச்சுப் பார்த்தேன். நீ முழுகாம இருக்க. நான் போயிட்டா இந்த வீடு உனக்கும் உம் பிள்ளைக்கும்தான். நீ எதுக்கு எனக்கு நல்லது செய்யணும்?”

“என்னைப் பத்தி இப்படியா நெனச்சீக?”

“ஆமா, நெனச்சேன். பொய் சொல்லச் சொல்றியா?”

கோபப்படாதீர்கள். நீங்களும் நானும்கூடப் போன வாரம் இதையேதான் நினைத்தோம்.

வேல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் அழுது காரியத்தைக் கெடுக்கிற ஆள் இல்லை. பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அது புண்ணு கழுவுற மருந்துக்கா. ஹைட்ரஜன் பெராக்சைடு. நீங்க போய்க் கேட்டாலும் மெடிக்கல்ல குடுப்பாக. அத்தைக்கு அடிக்கடி சந்தேகம் வருதேன்னுதான் கதவைச் சாத்துனேன். அதுவே வினையாப் போச்சு.”

“புண்ணு மருந்தை எதுக்குப் பயறுல ஊத்தணும்?”

“விதைக்கும் உசுரு இருக்குல்ல. சும்மா கிடந்தாலும் அது மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். மூச்சு விட விட உள்ளுக்குள்ள துரு மாதிரி ஒண்ணு சேரும். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு லேப்ல சொல்லுவோம். அது கூடிப்போச்சுன்னா விதை செத்துரும். இந்த மருந்தைத் தண்ணியில சொட்டுச் சொட்டா விட்டு ஊறவச்சா, விதைக்கு லேசா ஒரு அதட்டு. அதட்டுனதும் முழிச்சுக்கிட்டு, அந்தத் துருவோட சண்டை போடத் தயாராயிரும். அப்புறம் நிழல்ல காயவச்சு எடுத்துட்டா போதும், ஒரே சீரா முளைக்கும். மருந்து கூடிட்டா கருகிரும், அது வேற. நான் அளவாத்தான் விட்டேன்.”

முத்துலட்சுமி நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஆனால் வாழை மூட்டில் முளைத்துக் கிடப்பதை என்ன சொல்வது?

“சரி, சட்டியில எதைப் போட்டீக?”

“எங்கம்மா குடுத்த பயறு.” அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. “கல்யாணத்தப்ப மஞ்சத்துணியில முடிஞ்சு குடுத்தாக. ‘புள்ள வரம் கேட்டு முளைப்பாரி போடுறப்ப இதைப் போடு’ன்னாக. அடுத்த வருசமே எங்கம்மா போய்ச் சேர்ந்துட்டாக. பூச்சி விழுந்துறக் கூடாதுன்னு அடுப்புக்கு மேல பரண்ல, தகர டப்பாவுல வச்சிருந்தேன். போன வருசம் ஞாபகம் வரல, கடைப் பயறைப் போட்டு அசிங்கப்பட்டேன். இந்த வருசம்தான் எடுத்தேன். ஒரு பொத்தல் இல்ல வேலு. புதுசு மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு.”

வேல்விழி வாய்க்குள்ளேயே, “ஏழு வருசம். அடுப்புச் சூட்டுல” என்றாள்.

“என்ன முனங்குற?”

“மிச்சம் இருக்காக்கா?”

முத்துலட்சுமி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியை எடுத்து வந்தாள். வேல்விழி ஒரு பயறை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். சுண்ணாம்புக் கட்டி மாதிரி நொறுங்கியது. பழைய எண்ணெயின் காறல் மூக்கில் ஏறியது. முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

“என்ன?”

“கொஞ்சம் காறலா இருக்குக்கா.”

“அதெல்லாம் இல்ல. நான் ஒண்ணும் தெரியாத்தனமா போடல. அவுககிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டேன். அவுகளும் உன்னை மாதிரியே ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பார்த்தாக. ‘நல்லாத்தான் இருக்கு, உங்கம்மா விதையவே போடு, வேலு குடுத்ததைத் தூக்கி எறிஞ்சிரு’ன்னாக. வெள்ளாமை பார்க்குற மனுசன் சொல்லிட்டப் பிறகு எனக்கு என்ன பயம்?”

வேல்விழி முத்துலட்சுமியின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் புருஷன்மேல் துளி சந்தேகம் இல்லை. வேல்விழியைச் சந்தேகப்பட்டவள், அந்த ஓர் ஆளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தாள்.

மாரிசெல்வம் பன்னிரண்டு வயசிலிருந்து வயலில் நிற்கிறவன். பயறைக் கடித்துப் பார்த்தே அது எந்தப் பட்டத்து விதை என்று சொல்வான். அவனுக்கா இந்தக் காறல் தெரியாது?

வேல்விழி அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணிடம், அதுவும் இப்போதுதான் தன்னைப் பற்றி அப்படி நினைத்தேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவளிடம், ‘உன் புருஷனைச் சந்தேகப்படு’ என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் இவளுடைய சூழ்ச்சி என்றுதானே எடுத்துக்கொள்வாள்? வேல்விழி மஞ்சள் துணியை முன்போல முடிந்து கொடுத்தாள்.

“முளைச்சிருக்கும்ல வேலு?” என்று முத்துலட்சுமி கேட்டாள். கேட்ட விதம் நமக்கே தாங்காது.

“பார்ப்போம்க்கா” என்றாள் வேல்விழி.

சாயங்காலம் முளை வீட்டு வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. இந்த ஊர் வழக்கப்படி, விதை போட்ட நாளிலிருந்து, முளைக்குத் தண்ணீர் தெளிக்கும் அக்கம்மாளைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. மற்ற பெண்கள் தினமும் சாயங்காலம் வாசலில் கும்மியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று அக்கம்மாள் மூச்சு விடமாட்டாள். போன வாரம் முழுக்க முத்துலட்சுமி அவள் முகத்தைப் படித்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கதவு திறந்தது. ஒவ்வொரு சட்டியாக வெளியே வந்தது. வெயில் காணாத முளைகள் முழ உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக நின்றன. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. சட்டியை வாங்கிய ஒவ்வொருத்தியும் நிமிர்ந்து நடந்தாள்.

முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னபோது அக்கம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சட்டியில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் நூல் மாதிரி ஒரு முளை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. மற்ற இடமெல்லாம் எருவும், அதன்மேல் ஊதிப்போய்ப் பூஞ்சணம் பூத்த பயறும்தான்.

குலவை நின்றுபோனது.

முத்துலட்சுமி சட்டியை வாங்கிக்கொண்டாள். தலையில் ஏற்றவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

முதலில் வாயைத் திறந்தது சந்தனம்மாள்தான். ஆனால் அவள் பாய்ந்தது மூத்தவள்மேல் இல்லை.

“பார்த்தீகளா? இந்தா நிக்கிறாளே படிச்ச மகராசி, இவ செஞ்ச வேலை. குளிக்கிற ரூமுக்குள்ள வச்சு மருந்து ஊத்துனா. எங்கண்ணால பார்த்தேன். ஆத்தாளுக்குப் போடுற விதையைக் கருக்கிக் குடுத்திருக்கா பாவி!”

கூட்டம் வேல்விழியைத் திரும்பிப் பார்த்தது.

“மருந்தா? முளைப்பாரிக்கா?”

“முழுகாம இருக்குறவ செய்யுற காரியமா இது?”

“மூத்தவளைக் கிளப்பிட்டா சொத்து முழுசும் இவளுக்குத்தானே.”

முத்துலட்சுமி வாயைத் திறக்கப் போனபோது, வேல்விழி லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

அப்போதுதான் முத்துலட்சுமிக்குப் புரிந்தது. மருந்து கருக்கியது என்றால், ஆத்தா கைவிடவில்லை என்று ஆகிவிடும். பழி இளையவள்மேல் போகும். மூத்தவளுக்கு இன்னொரு வருஷம் கிடைக்கும். அந்தப் பழியை வேல்விழி தெரிந்தே தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். காலையில் யாரைப் பற்றி அப்படி நினைத்தேன் என்று சொன்னாளோ, அவள்.

வெட்கத்தில் முத்துலட்சுமிக்கு முகம் எரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பயம் அப்படி. நம்மில் எத்தனை பேர் திறந்திருப்போம்?

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரிசெல்வம் வந்தான். வெள்ளைச் சட்டையில் விழாக் கமிட்டி பேட்ஜ். ஊரில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குரலை உயர்த்தாமல் பேசுகிறவன்.

“ஆத்தா, நிறுத்து. வேலு மேல பழி போடாத.”

“நீ சும்மா இருடா, உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்குத் தெரியும். அவ குடுத்த பயறை இவ போடவே இல்ல. தூக்கி எறிஞ்சுட்டா. சட்டியில கிடக்குறது இவ அம்மா குடுத்த பயறு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போட்டா. கேட்டுப்பாரு.”

“நெசமாடி?” என்றாள் சந்தனம்மாள்.

முத்துலட்சுமி தலையை ஆட்டினாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், “நியாயஸ்தன்யா. பொண்டாட்டின்னு பார்க்காம உள்ளதைச் சொல்றான் பாரு” என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

மாரிசெல்வம் பெருமூச்சு விட்டான்.

“தாய் வீட்டு விதையே இவளுக்கு முளைக்கலைன்னா நான் என்ன செய்ய? காளியாத்தா வாக்குச் சொல்லிட்டா. நாம கட்டுப்பட்டுத்தான் ஆகணும்.”

எவ்வளவு அழகாக முடித்துவிட்டான் பாருங்கள். வேல்விழியைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, முத்துலட்சுமிக்கு இருந்த ஒரே வழியை அடைத்த மாதிரியும் ஆயிற்று. அவன் வாயில் உண்மை தவிர ஒன்றும் வரவில்லை. அதுதான் எனக்கு அவன்மேல் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

இந்த இடத்தில் தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. லோயர் கேம்ப்பிலிருந்து சந்தனம்மாளின் தம்பி சீனிச்சாமி இறங்கினார். பின்னால் அவர் மகள் முருகம்மாள், பச்சைப் பட்டில், தலை நிறையப் பூவோடு. இன்னும் இரண்டு பெண்கள் கையில் தட்டு: பழம், வெற்றிலை, மடித்த புடவை, பந்தாகச் சுற்றிய மல்லிகை.

சந்தனம்மாளுக்கே ஆச்சரியம். இந்தப் பொங்கலுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து எத்தனையோ வருஷமாகிறது.

“வாடா தம்பி. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?”

“சொல்லாம வருவனாக்கா? மாப்ள ஞாயித்துக்கிழமையே போன் போட்டுட்டாரு. ‘செவ்வாக்கெழமை சாயங்காலம் பூ வைக்குற சாமானோட வந்துருங்க மாமா, முளைச்சட்டி வெளிய வந்ததும் காரியத்தை முடிச்சிரலாம்’னாரு. நீயும் சேர்ந்துதான் சொல்லிவிட்டன்னு நெனச்சேன்.”

சந்தனம்மாள் தட்டைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமையா?” என்றாள் சந்தனம்மாள். மருமகளைப் பிடிக்காதவள்தான். ஆனால் காளியாத்தாளிடம் அவளுக்குக் கள்ளம் கிடையாது. “ஏலே மாரி, சட்டி இன்னைக்குத்தானே வெளிய வருது. ஆத்தா வாக்குச் சொல்றதுக்கு முந்தி நீ எப்படிடா பூ வைக்கக் கூப்பிட்ட?”

“ஒரு இதுக்குச் சொல்லி வச்சேன். இப்ப எதுக்கு அதெல்லாம்?”

முத்துலட்சுமி சட்டியை இடுப்பில் வைத்தபடி அவன் முன்னால் போய் நின்றாள். ஏழு வருஷத்தில் தெருவில் வைத்து அவனிடம் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

“ஏங்க. அன்னைக்கு எங்கம்மா பயறைக் கடிச்சுப் பார்த்தீகல்ல?”

“என்ன உளர்ற? வீட்டுக்குப் போ.”

“இன்னைக்குக் காலையில வேலுவும் கடிச்சுப் பார்த்தா. காறலா இருக்குன்னு சொன்னா. எனக்கு வெதை தெரியாது. போடியில எனக்கு அதை யாரும் சொல்லித் தரல. உங்களுக்குத் தெரியும்ல? வாயில வச்சதுமே செத்த வெதைன்னு தெரிஞ்சிருக்கும்ல?”

மாரிசெல்வம் சுற்றிலும் பார்த்தான்.

“தெரிஞ்சுதானே போடுன்னீக? நல்ல வெதையைத் தூக்கி எறியச் சொன்னதும் நீங்கதானே?”

“முளைக்கலைல்ல? அவ்வளவுதான் விசயம்” என்றான் அவன். முதல் தடவையாகக் குரல் உயர்ந்துவிட்டது.

அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. சற்று முன்னால் நியாயஸ்தன் என்றவர் மெதுவாக நகர்ந்து பின்வரிசைக்குப் போய்விட்டார்.

முத்துலட்சுமிக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள். மாமியார் பேச்சைக் கேட்டு ஓரகத்தியைச் சந்தேகப்பட்டாள். பாவம், காளியாத்தாளையும்கூடச் சந்தேகப்பட்டாள். பக்கத்தில் படுத்திருந்தவனை மட்டும் விட்டுவிட்டாள். அம்மா ஆசையாய் முடிந்து கொடுத்ததையே அவளுக்குக் குழி வெட்ட அவன் எடுத்துக்கொண்டான். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

“அக்கா, வாங்க போகலாம்” என்று வேல்விழி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“இரு வேலு. ஒரு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள். சீனிச்சாமி சங்கடத்தோடு ஒதுங்கி வழி விட்டார். பச்சைப் பட்டில் நின்ற முருகம்மாள் மிரண்டு போயிருந்தாள். அவளுக்கு இருபத்தோரு வயசு. அழைத்து வந்தார்கள், வந்திருக்கிறாள்.

“பயப்படாத ஆத்தா. உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல” என்றாள் முத்துலட்சுமி. “எனக்கு முளைக்கல. உனக்கு முளைக்கட்டும். நல்லாவே முளைக்கட்டும். ஆனா என்னைக்காவது ஒரு நாள் உனக்கும் ஒண்ணு முளைக்காமப் போகும். பயறோ, பிள்ளையோ, வேற என்னமோ. அன்னைக்கு இவுக உனக்கு என்ன செய்வாகன்னு, பூவை வாங்குறதுக்கு முந்தியே கேட்டுக்க. நான் கேக்கல.”

தட்டு ஏந்திய பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தனம்மாள் மகனைப் பார்க்கவில்லை, கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“முருகு, நீ ஜீப்புல ஏறு” என்றார் சீனிச்சாமி.

முருகம்மாள் ஏறவில்லை. தட்டிலிருந்த மல்லிகைப் பந்தை ஒரு கையால் நகர்த்தி வைத்துவிட்டு, மாரிசெல்வத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லுங்க மாமா,” என்றாள், “என்ன செய்வீக?”